எழுபது தாண்டியவர்களே, உங்கள் விசுவாசத்தில் எது மாறியது, எது நின்றது?

செக்காலை வாசி, காரைக்குடி:

பெரியவர்களிடம் ஒரு கேள்வி. சுற்றியிருந்தது எல்லாம் மாறி, கடைசியில் உடம்பும் மாறிப்போன பிறகு உங்கள் விசுவாசத்தில் மிச்சம் நிற்பது எது? பிரசங்கம் வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

நான் கத்தோலிக்கன், எழுபத்தைந்து முடிந்துவிட்டது, இங்கே சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிறுவனாக நான் பூசைக்குப் போனபோது சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டி பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை வைப்பார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் தரையில். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு பூசை முடியும்வரை செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார், ஏனென்றால் பீடத்தில் நடப்பது காதில் விழுந்தாலும் விளங்காது. 1962 முதல் 1965 வரை ரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது, அந்த வருடங்களிலேயே பூசை தமிழுக்கு வர ஆரம்பித்தது, சாமியாரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். எங்கள் அப்பத்தாவுக்கு அது பிடிக்கவே இல்லை, பயபக்தி போய்விட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ அன்றைக்குத்தான் அங்கே என்ன நடக்கிறது என்றே தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே கோயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

அப்புறம் 1987இல் சிவகங்கை தனி மறைமாவட்டம் ஆனது, அதுவரை எல்லாவற்றுக்கும் மதுரையைத்தான் பார்த்திருக்க வேண்டும். 1995இல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்தது. எங்கள் வீடுகளில் செபப் புத்தகம் இருக்கும், பைபிள் இருந்தது குறைவு, அதன் பிறகுதான் தெருத் தெருவாக அன்பியம் என்கிற அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் கூட்டங்களில் அதைத் திறந்து வைத்துப் பேசும் பழக்கம் எங்கள் பக்கம் ஊன்றியது.

ஊரும் இதே வேகத்தில் மாறியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த சிக்ரியால் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள், எங்கள் பூசையிலும் மலையாளமும் இங்கிலீஷும் கேட்க ஆரம்பித்தது. இன்றைக்கு என் பிள்ளைகள் இருவரும் வெளியூரில். மனைவி இறந்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் செட்டியார் வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வயதில் என் விசுவாசம் எங்கே இருந்தது என்று கேட்டிருந்தால் நான் செய்யும் வேலைகளைத்தான் காட்டியிருப்பேன். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக் கணக்கு, திருவிழாவுக்குக் கொடிமரம், சப்பரத்துக்குத் தோள், பெரிய வியாழன் இரவு கண்விழிப்பு. இவை எதுவும் இப்போது முடியாது. முட்டி போட முடியாது. படி ஏறும்போது யாரோ ஒரு பையன் கேட்காமலே கையைப் பிடித்துக்கொள்கிறான். யோவான் நற்செய்தி கடைசி அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம், இளவயதில் நீயே கச்சை கட்டிக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போனாய், வயதானபின் நீ கையை நீட்டுவாய், வேறொருவர் உனக்குக் கட்டிவிட்டு உனக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்று சொல்கிறார். அது பேதுரு எப்படிச் சாவார் என்பதைப் பற்றியது என்று அந்த நற்செய்தியே சொல்லிவிடுகிறது. ஆனாலும் இந்த வயதில் அதைப் படிக்கும்போது தினமும் எனக்கு நடப்பதை அப்படியே எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவர் உடனே சொல்வது, என்னைப் பின்செல் என்பதுதான். அதாவது அடுத்தவர் கையில் இருக்கும்போதும் பின்செல்ல முடியும். செய்வதில் இருந்த விசுவாசம் இப்போது வாங்கிக்கொள்வதில் இருக்கிறது, எனக்கு நின்றது அதுதான். உங்களுக்கு?

தேவகோட்டை டீச்சர்:

ஐயா, ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, மதுரை ராமநாதபுரம் திருமண்டலம், எழுபத்தொன்று. உங்கள் பக்கம் பூசை மாறிய கதை எனக்குப் புதிது, எங்களுக்கு ஆராதனை தமிழில்தான் பரம்பரையாக. எங்கள் அப்பா உபதேசியாராகவும் வாத்தியாராகவும் இருந்தவர், 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றாகச் சேர்ந்ததைப் பெரிய அதிசயம்போலப் பேசுவார், ஆங்கிலிக்கன் மெதடிஸ்ட் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று. இப்போது எங்கள் தெருவிலேயே எத்தனை சபை என்று எண்ண முடியவில்லை, அது வேறு கதை.

எனக்கு நடந்தது கண். க்ளாக்கோமா, தெரிய வந்தபோதே பாதிப் பார்வை போயிருந்தது. அந்த வியாதி அப்படித்தான், ஓரத்தில் இருந்து தின்றுகொண்டு வரும், நமக்குத் தெரியாது. படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், நாற்பது தாண்டினால் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தை இனிமேல் நானாகப் படிக்க முடியாது என்று தெரிந்த அன்று அழுதேன். பேத்தி போனில் ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்தாள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குக் கைகொடுத்தது அதைவிட சண்டே ஸ்கூலில் அடித்துப் பாடம் பண்ண வைத்த வசனங்கள். அன்றைக்கு ஒரு படம் போட்ட அட்டைக்காகப் பாடம் பண்ணினோம், அர்த்தம் யாருக்குத் தெரியும். இப்போது தூக்கம் வராத ராத்திரியில் 23ஆம் சங்கீதம், 91, 121, 139 என்று ஒவ்வொன்றாக வருகிறது, வரிசை தப்பாமல். கீர்த்தனைகளும் அப்படித்தான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் இறந்துபோனார், அவர் பாட்டு இன்றைக்கும் என் வாயில் தானாக வருகிறது. ஆகவே எனக்கு நின்றது எதுவென்றால், விவரம் தெரியாத வயதில் அடுத்தவர்கள் எனக்குள்ளே போட்டுவைத்தது.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன், கோபிக்காதீர்கள். செய்வதில் இருந்து வாங்கிக்கொள்வதற்கு வந்தேன் என்கிறீர்களே, இது ஆண்களுக்குத்தான் இவ்வளவு பெரிய திருப்பமாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு விசுவாசம் என்பது மேடையில் ஏறிச் செய்த காரியமாக எப்போது இருந்தது? மாமியாருக்கு மலப் பீங்கான் எடுத்தோம், பிள்ளை பெற்றோம், பிறகு ஒருநாள் நமக்கு அடுத்தவள் எடுக்கிறாள். நான் இளவயதில் செய்த எதுவும் கணக்கில் வராததால் இப்போது செய்ய முடியாததும் எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. வாங்கிக்கொள்வது கஷ்டம் என்பது உண்மைதான், மருமகள் தலை சீவிவிடும்போது எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கிறது.

சிங்கப்பூர் வாசி:

ஐயா, டீச்சர், நான் உங்கள் பிள்ளைகள் வயது. அம்மா காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். இரண்டு முறை சிங்கப்பூருக்குக் கூட்டிவந்தேன், இரண்டு முறையும் திரும்பிப் போய்விட்டார். இங்கே தமிழ்ப் பூசை இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில். அப்பா கல்லறை அங்கே இருக்கிறது, நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நான் இல்லாமல் யார் சுண்ணாம்பு அடித்து மெழுகுவர்த்தி ஏற்றுவது என்கிறார். போன மழையில் கோயில் போகும் வழியில் விழுந்து இடுப்பில் அடி. யூடியூபில் பூசை பாருங்கள் அம்மா என்றால், அது பூசை இல்லையடா என்கிறார். எனக்குக் கோபமும் வருகிறது, பயமும் வருகிறது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தும் யாராவது ஒருவர் சொல்லுங்கள், வயதானவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்தால் போதாதா?

செக்காலை வாசி:

டீச்சரம்மா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது, சரியாகவும் இருக்கிறது. என் மனைவி இருந்திருந்தால் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பாள்.

சிங்கப்பூர் தம்பிக்கு. முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். நோயாளிகளுக்கும் தள்ளாதவர்களுக்கும் ஞாயிறு பூசைக் கடன் கிடையாது, திருச்சபையின் மறைக்கல்வியிலேயே இருக்கிறது, அம்மா போகாவிட்டால் பாவம் இல்லை. இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், பங்குச் சாமியாரைச் சொல்லச் சொல்லுங்கள். 2020 மார்ச் 25 ஊரடங்கு வந்து அந்த ஏப்ரல் 12ஆம் தேதி பாஸ்காவை, அதாவது ஈஸ்டரை, நாங்கள் எல்லோருமே போனில்தான் பார்த்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் நான் அந்த வருடம் எப்படிப் போயிருப்பேன் என்று தெரியாது. ஆனால் உங்கள் அம்மா சொல்வதிலும் பொருள் இருக்கிறது. போனில் பூசை பார்க்கலாம், நற்கருணை வாங்க முடியாது. பூசை முடிந்து வெளியே வந்து, என்னம்மா முட்டு எப்படி இருக்கு என்று நாலு பேர் கேட்பது அதில் கிடையாது. தனியாக இருக்கிறவர்களுக்கு வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் அது ஒன்றுதான்.

நடுவழி ஒன்று உண்டு. முதல் வெள்ளிக்கிழமைகளில் பல பங்குகளில் சாமியாரோ நற்கருணைப் பணியாளரோ வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோவார்கள். அம்மா பெயரைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். மழை நாளிலும் முடியாத நாளிலும் அது, மற்ற நாளில் அன்பியத்தில் யாராவது ஆட்டோவில் கூட்டிப்போகட்டும், ஆட்டோக் காசை நீங்கள் அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் இதில் பெரிய பயம் இருக்கிறது. நோயில்பூசுதல். நம் ஊரில் இன்னமும் அவஸ்தை என்றுதான் சொல்கிறார்கள், சாமியார் எண்ணெயோடு வாசலில் வந்தாலே ஆள் முடிந்தது என்று நினைத்துக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுகிறார்கள். அது சாவுக்கு மட்டுமான சடங்கு இல்லை. 1972இல் ஆறாம் பவுல் திருத்தந்தை அந்தச் சடங்கைத் திருத்தி அமைத்தார். கடும் நோயில், பெரிய அறுவைக்கு முன்னால், முதுமைத் தளர்ச்சியில் வாங்கலாம், நிலை மோசமானால் திரும்பவும் வாங்கலாம். என் மனைவிக்கு நினைவு இருக்கும்போதே கொடுத்தோம், நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசும்போது அவளே ஆமென் சொன்னாள். அதன் பிறகு பல மாதம் இருந்தாள். நினைவு தப்பின பிறகு கூப்பிட்டிருந்தால் அந்த ஆமென் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஓரியூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன், சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் பக்கம். இங்கே இருப்பவர்களுக்கு ஓரியூரைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சிங்கப்பூர் தம்பியின் பிள்ளைகள் படித்தால் தெரியட்டும். அருளானந்தர் என்று நாம் கூப்பிடும் ஜான் தெ பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்து, 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார், 1947இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்தச் செம்மண்ணை மடியில் முடிந்துகொண்டு வராத வீடு எங்கள் பக்கம் கிடையாது. எங்கள் பாட்டி ஒவ்வொரு திருவிழாவுக்கும் நடந்தே போவார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அருளானந்தர் இறந்தபோது வயது நாற்பத்தைந்து. நாம் கும்பிடுகிற வேதசாட்சிகள் பலர் பலம் இருக்கும்போதே போய்விட்டவர்கள். எண்பது வயதில் மூத்திரப் பையோடு படுத்திருக்கிறவருக்கு அவர்கள் கதை சில சமயம் உதவாது. நான் வார்டில் நிறையச் சாவுகளைப் பார்த்திருக்கிறேன். மகன் பெயர் மறந்துபோன ஒரு அம்மா, நான் ஊசி போடும்போது பக்கத்தில் யாரோ அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தவுடன் மீதியைத் தப்பில்லாமல் சொல்லி முடித்தார். டீச்சர் சொன்ன பாடம் பண்ணின வசனம் அந்த மாதிரிதான், மறதி நோய் புதிதாகப் பதிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு போகும், ஆழத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதை ரொம்ப நாள் விட்டுவைக்கும். ஆகவே வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று பரீட்சை வைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பழைய செபத்தை ஆரம்பித்துக் கொடுங்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன், அதை யாரும் கோயிலில் சொல்வதில்லை. வாழ்நாள் எல்லாம் பூசைக்குப் போனவர், கடைசி வாரத்தில் பயந்து நடுங்குவார், எல்லோரையும் திட்டுவார், சிலுவையைக் கொடுத்தால் தள்ளிவிடுவார். குடும்பத்தார் வெளியே வந்து அழுவார்கள், அப்பா விசுவாசத்தை விட்டுவிட்டாரே சிஸ்டர் என்று. விடவில்லை. ஆக்ஸிஜன் குறைந்தாலும், ரத்தத்தில் உப்பு குறைந்தாலும், சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும் வயதானவர்களுக்குப் புத்தி இப்படிக் குழம்பும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது அந்த மனிதரின் விசுவாசத்துக்கு வைத்த பரீட்சை முடிவு இல்லை. தயவுசெய்து ஒருவருடைய கடைசி நாளை வைத்து அவர் வாழ்ந்ததை அளக்காதீர்கள்.

கானாடுகாத்தான்:

நான் உங்கள் மதம் இல்லை, நகரத்தார், தினமும் திருநீறு பூசுகிறவன். இருந்தாலும் எழுதலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் ஆயா காலத்தில் இருந்து சமையலுக்கு இருந்தவர் ஒரு கிறிஸ்தவ அம்மா. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இருந்து அதிரசமும் முறுக்கும் வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இருந்து போகும். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்ட அந்த வீட்டை இப்போது முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் திறக்கிறோம்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடப்பது எங்கள் வழக்கம், உங்களில் தெரியாதவர் இருக்க மாட்டார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு என்னை நடக்க விடவில்லை. முதல் வருடம் வீட்டில் படுத்துக்கொண்டு யாரோடும் பேசவில்லை. அடுத்த வருடம் மகன் வழியில் ஒரு பந்தலில் கொண்டுபோய் உட்கார வைத்தான், நடப்பவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன். குனிந்து வாங்கின ஒவ்வொருவரும் நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்கள், எனக்கோ அவர்கள் காலைத் தொட வேண்டும்போல இருந்தது. செக்காலை ஐயா சொன்ன வாங்கிக்கொள்வது எனக்கு இப்படித்தான் வந்தது. உங்கள் கோயிலில் இப்படி வயதானவர்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஜெபவீடு:

பெரியவர்கள் தப்பாக எடுக்க வேண்டாம். நானும் கத்தோலிக்கக் குடும்பம்தான், இப்போது ஜெபவீடு என்கிற தனிச் சபையில் இருக்கிறேன். எண்ணெய், சப்பரம், மெழுகுவர்த்தி என்று பேசுகிறீர்களே, கர்த்தர் இன்றைக்கும் சுகம் தருகிறவர். விசுவாசத்தோடு கேட்டால் முட்டிவலியும் போகும், கண்ணும் தெளியும். முதுமை வந்துவிட்டது என்று ஏன் ஒப்புக்கொடுக்க வேண்டும்? காலேபுக்கு எண்பத்தைந்து வயதில் யுத்தத்துக்குப் போகிற பலன் இருந்ததே.

தேவகோட்டை டீச்சர்:

தம்பி, காலேபைச் சொன்னீர்கள், அதே வேதத்தில் ஈசாக்கு கண் மங்கித்தான் படுத்திருந்தான். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை வேண்டினார், எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்று பதில் வந்தது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்று உபாதை, பவுல் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்று வைத்தியம்தான் சொன்னார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா? என் கணவருக்குப் புற்றுநோய் வந்தபோது நாங்கள் ஊரே கூடி ஜெபித்தோம். போய்விட்டார். அப்போது ஒருவர் வந்து, வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை எத்தனை காலம் படுத்தியது என்று அவருக்குத் தெரியாது. சுகத்துக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன், ஆனால் சுகம் வராதவர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றாதீர்கள்.

ஜெபவீடு:

டீச்சர், உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. நான் ஏன் மாறினேன் என்று சொல்கிறேன். எங்கள் அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். எங்கள் பங்கில் இருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, வரிப் புத்தகம் மட்டும் வந்தது. ஜெபவீட்டில் இருந்து வாரா வாரம் வந்தார்கள், அம்மாவைப் புரட்டிப்போட எனக்கு உதவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், பிறகுதான் ஜெபித்தார்கள். அம்மா கடைசிவரை செபமாலையைக் கையில் வைத்திருந்தார், அதை அவர்கள் பிடுங்கவில்லை. வந்தவர்களோடு நான் போனேன். அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம்:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டு இருக்கிறேன். எனக்கு எழுபத்தொன்பது. என் மூத்த மகன் எனக்கு முன்னால் போய்விட்டான். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகிறேன், உட்காருகிறேன், எழுந்து வருகிறேன். செபம் வரவில்லை. எல்லோரும் சொல்லும்போது என் வாய் திறப்பதில்லை. எது நின்றது என்று கேட்டீர்கள், எனக்கு எதுவும் நின்றதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஏன் போகிறேன் என்றும் தெரியவில்லை.

ஓரியூர்க்காரி:

போகிறீர்கள் அண்ணே. அதுவே பெரிது. உங்களுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லட்டும், கூட்டமாகச் செபிப்பது அதற்குத்தான். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? இரண்டும் இல்லையென்றால் ஒரு டாக்டரையும் பார்க்க வேண்டும், துக்கம் உடம்பிலும் இறங்கும்.

தேவகோட்டை டீச்சர்:

வேதத்தில் வரும் நகோமியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன் போய், இரண்டு மகன்களும் போய், பெத்லகேமுக்குத் திரும்பி வந்தபோது என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர் நடுவில் சொன்னாள். ஒருவரும் அவள் வாயை மூடவில்லை, வேதமும் அவளைக் கண்டிக்கவில்லை. கசப்போடுதான் வந்தாள், ஆனால் ஊருக்கு வந்தாள், மருமகள் ரூத்தும் கூடவே வந்தாள்.

செக்காலை வாசி:

பெயர் வேண்டாம் ஐயாவுக்கு. டீச்சர் சங்கீதம் என்று சொல்வதில் 88ஆம் திருப்பாடலை ஒருமுறை படித்துப் பாருங்கள், முடியாவிட்டால் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். மற்றப் புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் எப்படியோ நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிந்துவிடும். அதையும் எடுத்துச் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், உங்களைப் போல வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் காரைக்குடி பக்கம் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பேசவேண்டும் என்று இல்லை, பூசையில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஜெபவீட்டுத் தம்பி, நீங்கள் இரண்டாவதாக எழுதியதற்கு எங்களிடம் பதில் கிடையாது. யார் வந்தார்களோ அவர்களோடு போனீர்கள், உங்கள் அம்மாவைப் புரட்டிப்போட்ட கைகளுக்கு நான் நன்றி சொல்கிறேன். சுகம் பற்றி நீங்கள் எழுதியதில் டீச்சர் பக்கம்தான் நான், அதில் மாற்றம் இல்லை.

கானாடுகாத்தான் அண்ணனின் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. வயதானவர்களுக்கு வேலை இருக்கிறதா? லூக்கா எழுதியதில் குழந்தை இயேசுவைக் கோயிலில் அடையாளம் கண்டுகொண்ட இரண்டு பேரில் ஒருவர் சாவை எதிர்பார்த்திருந்த சிமியோன், இன்னொருவர் எண்பத்து நான்கு என்று சொல்லப்படும் அன்னா என்ற விதவை. அவர்கள் வேலை காத்திருப்பது, கையில் வாங்குவது, பார்த்ததைச் சொல்வது. பிரான்சிஸ் திருத்தந்தை 2021இல் ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான நாளாக வைத்தார். 2025இல் பாஸ்கா ஞாயிறு அன்று சக்கர நாற்காலியில் மாடத்துக்கு வந்து, தளர்ந்த குரலில் ஆசீர் கொடுத்துவிட்டு, மறுநாள் ஏப்ரல் 21ஆம் தேதி எண்பத்தெட்டு வயதில் இறந்தார். அதற்கு இருபது வருடம் முன்னால் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை அதே பாஸ்கா நாளில் ஜன்னலில் நின்று பேச முயன்று பேச முடியாமலே கையை மட்டும் அசைத்தார். அவர்கள் அந்த நிலையில் வெளியே வந்தது சரியா என்று சிலர் கேட்டார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. படுக்கையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அது தேவைப்பட்டது.

எங்கள் அளவில் ஒன்று ஆரம்பித்திருக்கிறோம், பெயரெல்லாம் வைக்கவில்லை. எங்கள் அன்பியத்தில் வெளியே வர முடியாதவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, நடக்க முடியாத நாங்களே சாயங்காலம் போன் போடுகிறோம். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, யார் வந்தார்கள், அவ்வளவுதான் பேச்சு. மருந்து தீர்ந்துவிட்டது என்றோ விழுந்துவிட்டேன் என்றோ சொன்னால் கால் இருக்கிற இளவட்டங்களுக்குச் சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூர் தம்பி, உங்கள் அம்மா சம்மதித்தால் அவர் எண்ணையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அவரும் இரண்டு பேருக்குப் போன் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர் வாசி:

அம்மாவிடம் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன் ஐயா. நோயில்பூசுதல் பற்றிச் சொன்னபோது, முதலில் உன் பயத்துக்கு யாராவது பூசட்டும் என்றார். ஆட்டோவுக்கு ஒத்துக்கொண்டார். போன் போடும் வேலைக்கு உடனே சரி என்றார், ஆனால் சாயங்காலம் செபமாலை நேரம், காலையில்தான் பேசுவாராம். எண்ணை அனுப்பியிருக்கிறேன். நவம்பருக்கு நானே வருகிறேன், சுண்ணாம்பு அடிக்க.

தேவகோட்டை டீச்சர்:

எங்கள் சபையிலும் இப்படி ஒரு நோட்டுப் போட வேண்டும். செக்காலை ஐயா, பெயர்களை எப்படிப் பிரித்தீர்கள், தெரு வாரியாகவா? எனக்கு எழுத முடியாது, பேத்தி எழுதுவாள். தேவகோட்டையில் கத்தோலிக்கர், எங்கள் சபை, ஜெபவீடு யாராக இருந்தாலும் படுக்கையில் இருப்பவர் இருந்தால் இங்கேயே தெரியப்படுத்துங்கள், எனக்குக் கண்தான் இல்லை, குரல் நன்றாக இருக்கிறது.

ஜெபவீடு:

டீச்சர், எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தனிச் செய்தி அனுப்புகிறேன். நேரில் போக வேண்டியதற்கு என்னைக் கூப்பிடுங்கள், வண்டி இருக்கிறது.